தவக்காலத்தில் ஆறு கிளாஸ்

அந்த வருஷம் திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாமியார் வைத்த சாம்பல் உதிர்வதற்குள் நான் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வருகிறவரை ஒரு சொட்டு குடிக்க மாட்டேன். பீர் கிடையாது. விஸ்கி கிடையாது. கேக்கில் ரம் ஊற்றியிருந்தால் கேக்கும் கிடையாது. தீர்மானம் என்னுடையது. எடுக்கச் சொன்னது லீமா.

லீமா என் மனைவி. துபாயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான் யேசுராஜ், ஷார்ஜா தொழில்பேட்டையில் இருக்கிற ஒரு கம்பெனியில் ஏசி, சில்லர் பழுதுபார்க்கிற டெக்னீஷியன். இந்த ஊரில் விசா கொடுத்து நம்மைத் தாங்குகிறவருக்கு கஃபீல் என்று பேர். என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு கஃபீல் யாரோ ஒரு அரபி. வருஷத்துக்கு ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சம்பளம் அவளுக்குத்தான் கூட என்பதால் எனக்கு விசா எடுத்துக் கொடுத்தது லீமா. ஆகவே நான் தினமும் என் கஃபீல் முகத்தில்தான் விழிக்கிறேன்.

வெறும் பக்திக்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். விஷயம் லீவு. வருஷத்தில் முப்பது நாள் ஊருக்குப் போவோம். பதினைந்து நாள் என் ஊர் முட்டத்தில், பதினைந்து நாள் அவள் ஊர் உவரியில். முட்டத்தில் என் கூட்டாளிகள் உண்டு, வள்ளம் உண்டு, சாயங்காலமானால் மணலில் உட்கார்ந்து மீன் சுட்டுத் தின்பது உண்டு. உவரியில் மாமனார் உண்டு. அவர் பங்குக் கோயிலின் மது ஒழிப்பு இயக்கத்தின் தலைவர். காலை நாலரைக்கு எழுப்பிவிடுவார். ஐந்து மணிக்கு ஜெபமாலை. ஐந்தரைக்குக் கடற்கரையில் நடை, நடக்கும்போது கல்லீரலைப் பற்றி ஒரு பிரசங்கம். என் கல்லீரலை நானே பார்த்ததில்லை. அவர் நேற்றுத்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் போலப் பேசுவார்.

பந்தயம் இதுதான். தவக்காலம் முழுக்க நான் குடிக்காமல் இருந்தால் முப்பது நாளும் முட்டம். குடித்தால் முப்பது நாளும் உவரி. லீமா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் குடியிருப்பது ஷார்ஜா. இங்கே பார் கிடையாது, கடை கிடையாது, குடிப்பதற்கு வழியே கிடையாது. ஊரே எனக்காக ஆசையை அடக்கி ஒறுத்தல் இருக்கிறது, நான் சும்மா கூட நின்றால் போதும். உடனே கையடித்துச் சத்தியம் செய்தேன்.

முதல் வாரம் சுகமாகப் போயிற்று. இரண்டாவது வாரம் கம்பெனி என்னைத் துபாய்க்கு அனுப்பியது.

பர் துபாயில் க்ரீக் உப்பங்கழிக்குப் பின்பக்கம் ஒரு பழைய ஹோட்டல். அதன் தரைத்தளத்தில், லாண்டரிக்குப் பக்கத்தில், பலகைக் கதவு போட்ட ஒரு பப். அங்கே பீப்பாய்களைக் குளிரவைக்கிற சில்லர் படுத்துவிட்டது. நான் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பத்து ஸ்டூல், நாலு மேசை, அவ்வளவுதான் இடம். கூரை தாழ்வு, ஹெல்மெட்டைக் கழற்றினால்தான் நிமிர முடியும். கம்பளத்தில் நாற்பது வருஷத்து மனுஷ வாடை. சுவர்க் கடிகாரம் ஐந்தேகாலில் நின்று எத்தனையோ காலம் ஆகிறது. அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் ஆட்கள் இன்னும் நேரம் இருக்கிறது என்று அடுத்த கிளாஸ் சொல்கிறார்கள். கவுண்டருக்கு மேலே கப்பலிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை மணி. அதை எவன் அடித்தாலும் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் அவன்தான் வாங்கித் தர வேண்டும் என்பது அந்த இடத்துச் சட்டம். மேசைகளில் இரண்டே பேர். வயசான வெள்ளைக்காரர்கள். சுவரில் ஆணியடித்து மாட்டிய படங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம், இவர்கள் எப்போதாவது இருமினார்கள்.

கவுண்டரில் நின்றது கார்மேகம். சிவகங்கைப் பக்கத்து ஆள், பன்னிரண்டு வருஷமாக அங்கேயே ஊற்றிக்கொடுக்கிறவன். தமிழ் என்றதும் ஒட்டிக்கொண்டான். நான் கம்ப்ரசரைப் பிரிக்க, அவன் கரும்பலகையைக் காட்டி விளக்கினான். இங்கே விற்பது சாதாரண பீர் இல்லை, ஏல். ஏல் என்றால் பீருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கொஞ்சம் தடிமன், கொஞ்சம் கோபம். அதிலும் இந்த பப்பில் இருப்பவை வேறெங்கும் கேள்விப்படாதவை. காபியும் ஏலக்காயும் போட்டது ஒன்று. புகைபோட்ட கோதுமையில் ஒன்று. மாதுளை, இஞ்சி, தேங்காய். கடைசியாகப் பேரீச்சம்பழம்.

பேரீச்சம்பழ ஏல் வருஷத்துக்கு ஒரே ஒரு பீப்பாய்தான் வருமாம். இந்த மாசக் கடைசிக்குள் தீர்ந்துவிடுமாம். ஈஸ்டரோ அடுத்த மாசம். இதைக் கேட்டதும் என் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

கார்மேகம் ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினான். நான் மறுத்தேன். மறுத்ததோடு வாயை மூடியிருக்கலாம். ஒறுத்தல், பந்தயம், முட்டம், உவரி, கல்லீரல் என்று எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். நல்ல காரியம் செய்கிறவனுக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. கதை கேட்கிற சுவாரஸ்யத்தில் அவன் கிளாஸ் தட்டைச் சாய்த்துவிட்டான். இரண்டு கிளாஸ் உடைந்து ஒன்று அவன் உள்ளங்கையைக் கிழித்தது. எனக்கு ரொம்பப் பெருமை, என் மனைவி பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ், என் பேரைச் சொல்லு, ராஜமரியாதை கிடைக்கும் என்று நானே வண்டி ஏற்றி அனுப்பினேன். நான் செய்த முதல் தப்பு இதுதான். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதைத் தின்றாலும் பேரீச்சம்பழம் ஞாபகம் வந்தது. ராத்திரி கோயில் காலண்டரை எடுத்துவைத்து ஈஸ்டருக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன். எண்ணும்போது ஒன்று இடித்தது. திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை நாற்பத்தாறு நாள் வந்தது. லீமாவைக் கூப்பிட்டேன்.

"தவக்காலம் நாப்பது நாள்தானே? இங்க நாப்பத்தாறுல்லா வருது."

அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழமையக் கழிக்கணும். அது ஆண்டவர் உயிர்த்த நாள். அன்னைக்கு ஒறுத்தல் கிடையாது."

"அப்ப ஞாயித்துக்கிழம தவக்காலம் இல்லியா?"

"கணக்குல வராது. சின்னப் புள்ளைக்கும் தெரியுமே. ஞானோபதேசம் படிக்கும்போது தூங்கினியளா?"

நான் தூங்கவில்லை, அன்றைக்கு மீன் பிடிக்கப் போயிருந்தேன். அதை விடுங்கள். என் கஃபீலே தன் வாயால் எனக்கு அனுமதி கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை குடித்தால் பந்தயம் தோற்காது. மனசுக்குள் முட்டத்து வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு இடைஞ்சல். ஞாயிறு சாயங்காலம் நானும் லீமாவும் சேர்ந்து பூசைக்குப் போவது வழக்கம். அதற்கும் வழி இருந்தது. வளைகுடாவில் ரொம்ப காலம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனாலே ஞாயிறு பூசை பார்த்த கணக்கு என்று பழகிவிட்டோம். பிற்பாடு இந்த நாட்டில் லீவு நாள் மாறியது, எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மாறவில்லை. லீமாவுக்கு வெள்ளிக்கிழமை டூட்டி. அவளால் வர முடியாது. ஆகவே நான் குரலில் கொஞ்சம் களைப்பை ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டிருக்கிறார்கள், நான் வெள்ளியே பூசைக்குப் போய்விடுகிறேன் என்றேன்.

லீமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். நரம்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிற பார்வை. பிறகு கேட்டாள்.

"வெள்ளிக்கிழம பூசைக்குப் போனா அதான் உங்களுக்கு ஞாயிறு. அப்படித்தான?"

"பின்ன? அதேதான். சந்தேகமே இல்ல."

"சரி. போங்க."

இவ்வளவு லேசாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பேரீச்சம்பழம் கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பக்தியோடு பூசை பார்த்தேன். அன்று முழுக்கக் கஞ்சியும் பயறும். ஞாயிறு மதியம் கம்பெனி யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, டூல் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறித் துபாய்க்குப் போனேன். பப்புக்குள் நுழைந்து ஹெல்மெட்டைக் கழற்றி நிமிர்ந்தேன். கார்மேகம் கையில் கட்டோடு நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. நோவு போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறையும் வேண்டும் என்றேன். ஒரு நீளக் கட்டையில் ஆறு குழி, ஆறு குழியிலும் ஆறு கிளாஸ். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் ஊற்றினான். கலக்கினான்கூட. உயர்ந்த சரக்குக்கு அப்படித்தான் என்று நினைத்தேன்.

முதல் கிளாஸ் காபி ஏலக்காய். நாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது புகை. மூன்றாவது இஞ்சி, காது சூடாயிற்று. நாலாவது கிளாஸில் உலகமே நல்லவர்களால் ஆனது என்று புரிந்தது. ஐந்தாவதில் அந்த இரண்டு வெள்ளைக்காரர்களுக்கும் முட்டம் கலங்கரை விளக்கத்தைப் பற்றித் தமிழில் விளக்கினேன். அவர்களும் தலையாட்டினார்கள். ஆறாவது பேரீச்சம்பழம். குடித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு எல்லாரையும் பிடித்திருந்தது. மாமனாரைக்கூடப் பிடித்திருந்தது. எழுந்து நின்று பித்தளை மணியைக் கோயில் மணி போல விடாமல் அடித்தேன். வெள்ளைக்காரர்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுந்து நின்றார்கள்.

தைரியம் தலைக்கேறிவிட்டது. ஃபோனை எடுத்து லீமாவுக்கு வாய்ஸ் அனுப்பினேன்.

"லீமா, நான் இப்ப பப்புல இருக்கேன். ஆறு கிளாஸ் குடிச்சிருக்கேன். திருட்டுத்தனமா இல்ல, முறைப்படி குடிச்சிருக்கேன். இன்னைக்கு ஞாயிறு. ஞாயிறு கணக்குல வராதுன்னு நீதான் சொன்ன. முட்டம், முப்பது நாள். கலாஸ், முடிஞ்சுது."

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. வெற்றிக்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி ஷார்ஜா வந்து சேர்ந்தேன். ஒரு பாகிஸ்தானி பெரியவர், பாய், உடம்பு சரியில்லையா என்று எழுந்து இடம் கொடுத்தார்.

லீமா பூசைக்குப் போய்விட்டு வந்து யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்றேன்.

"வாய்ஸ் கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன். நீங்க இந்த வாரம் ஞாயிறு பூசைக்கு என்னைக்குப் போனிய?"

"வெள்ளிக்கிழம."

"அப்ப உங்க ஞாயிறு வெள்ளிக்கிழமையே முடிஞ்சிட்டு. இன்னைக்கு உங்களுக்குத் தவக்காலம்."

நான் காலண்டரைக் காட்டினேன். சிவப்பு எழுத்தைக் காட்டினேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பூச பாக்க வெள்ளிதான் ஞாயிறு. குடிக்க ஞாயிறுதான் ஞாயிறு. ஒரு வாரத்துல ரெண்டு ஞாயிறு யாருக்குங்க இருக்கு? நீங்க வெள்ளிக்கிழம குடிச்சிருந்தா நான் ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை நான் கஞ்சி குடித்தேன். தெளிவாக இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ஆறு கிளாஸ் உள்ளே இருக்கும்போது என்னத்தைச் சொல்ல? தோற்றேன் என்று ஒத்துக்கொண்டேன். அவள் ஃபோனை நீட்டினாள். மாமா, இந்தத் தடவை முப்பது நாளும் உங்கள் வீட்டில்தான் என்று நானே என் குரலில் சொல்லி அனுப்பினேன். மாமனாரிடமிருந்து உடனே பதில் வந்தது. நாலரை மணிக்குப் புது அலாரம் வாங்கியிருக்கிறாராம்.

மறுநாள் காலையில் ஒரு அதிசயம். ஆறு கிளாஸ் குடித்தவனுக்குத் தலைவலி இல்லை. வாய் கசக்கவில்லை. ஏல் என்றால் உயர்ந்த ஜாதிச் சரக்குதான் என்று கம்பெனியில் எல்லாரிடமும் புகழ்ந்தேன்.

பத்து நாள் கழித்து அதே சில்லரைச் சரிபார்க்கப் போனேன். கார்மேகம் கையில் தையல் பிரித்தாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் அவன் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தான். சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. அன்னைக்கு உங்களுக்கு ஊத்துனதுல போதையே கிடையாதுண்ணே. வண்டி ஓட்டுறவங்களுக்குன்னு வச்சிருக்கோம்ல, ஆல்கஹால் இல்லாதது, அதுல டிகாஷனும் சிரப்பும் கலந்து குடுத்தேன். நர்ஸ் அக்கா அப்படித்தான் குடுக்கச் சொல்லிட்டாங்க. தையல் பிரிக்கப்போற கை அவங்க கையாச்சேண்ணே."

கட்டுப் போடும்போதே அவன் எல்லாவற்றையும் உளறியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே வருவேன் என்பதை, எனக்கே தெரிவதற்கு முன்னால் லீமா கணித்திருக்கிறாள். அப்படியானால் அன்று நான் ஆடியது, அழுதது, மணி அடித்தது எல்லாம் வெறும் காபித் தண்ணீருக்கு. அவமானமாக இருந்தது. அடுத்த நிமிஷமே சந்தோஷமாகவும் இருந்தது. நான் குடிக்கவில்லை. அப்படியென்றால் பந்தயம் தோற்கவில்லை. முட்டம். சரி, இப்போதாவது அந்தப் பேரீச்சம்பழ பீப்பாய் இருக்கிறதா, ஈஸ்டர் வரை ஒரு கிளாஸ் எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டேன். போன ஞாயிறோடு தீர்ந்துவிட்டது, கடைசி கிளாஸும் போய்விட்டது என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் கவுண்டரைத் துடைத்தான்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன். லீமா மறைக்கவில்லை. உட்காருங்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க நேர்ச்ச உடையக் கூடாதுன்னுதான் செஞ்சேன். போன வருசம் உங்க லிவர் டெஸ்ட்டு ஏறியிருந்தத நான்தான பாத்தேன். உங்களுக்கு ஒண்ணுன்னா இந்த ஊர்ல நான் யார வச்சி இருப்பேன்?"

எட்டு வருஷத்தில் அவள் இப்படிப் பேசியதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெதுவாக, அப்படியானால் முட்டம்தானே என்று கேட்டேன்.

"அது எப்படி? குடிச்சதுதான் பொய். குடிக்கணும்னு பஸ் ஏறிப் போனது நெசம்லா? பூசையில நெஞ்சுல தட்டி, சிந்தனையாலும் பாவம் செஞ்சேன்னு சொல்லுதியல்லா, அது எதுக்காம்? உவரிதான்."

மே மாதம் உவரி போனோம். நாலரை மணி அலாரம் தவறாமல் அடித்தது. இரண்டாவது ஞாயிறு மது ஒழிப்பு இயக்கத்தின் கூட்டம். மாமனார் மைக்கைப் பிடித்தார். என் மருமகன் துபாயில் ஒரு சாராயக் கடைக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒரு துளிகூட உள்ளே விடாமல் எழுந்து வந்த மாவீரன் என்றார். லீமா அவரிடம் சொன்னது அவ்வளவும் உண்மை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆயுள் உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன் என்று மேடையில் வைத்தே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஊரே கைதட்டியது. பந்தயத்துக்கு நான் குடிகாரன், பொன்னாடைக்கு நான் குடிக்காதவன். இரண்டு பக்கமும் நான்தான் மாட்டினேன்.

இறங்கிவந்து லீமா பக்கத்தில் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனிமேல் எதுவும் கிடையாது. ஒரே ஒரு மனக்குறைதான் பாக்கி இருந்தது. கைதட்டல் சத்தத்துக்கு நடுவே அதை அவள் காதில் சொன்னேன். அந்த நிஜப் பேரீச்சம்பழ ஏல் எப்படி இருக்கும் என்று தெரியாமலே போயிற்றே.

லீமா கைதட்டுவதை நிறுத்தாமல் மேடையைப் பார்த்தபடி சொன்னாள். "முதல்ல லேசா கருப்பட்டி வாசம். கடைசியில ஒரு சின்னக் கசப்பு. எங்க வார்டு ஆமிராவோட பர்த்டேக்கு நர்ஸுங்க எல்லாரும் அந்தப் பப்புக்குத்தான் போனோம். கடைசி கிளாஸ் எனக்குத்தான் கிடைச்சிது."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "ஏளா, அது தவக்காலம்லா?"

"அன்னைக்கு ஞாயிறு, எனக்கு ஏது?" என்றாள். "நான் ஞாயிறு பூசைக்கு ஞாயித்துக்கிழமையே போறவ."